பனை முறியாத புயல்

என் மாமனார் சவரிமுத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வீட்டு வாசலில் நிற்கிறார். இரண்டு கைகளையும் நிலையின் இரு பக்கமும் ஊன்றியிருக்கிறார். நனைந்த சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது.

வெளியே காற்று நின்றுவிட்டது. மூன்று மணி நேரமாகத் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்த காற்று, ஒரே மூச்சில் அடங்கிவிட்டது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

"யாரும் போகாதீங்க," என்கிறார் மாமா. "இது கண்ணு. புயலோட கண்ணு. இப்ப வெளிய போனா செத்தோம். காத்து அந்தப் பக்கத்துலேருந்து திரும்பும்."

அவர் குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதனால்தான் பலரும் கேட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தத் தொடரில் கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பற்றி எழுதினேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன். என் கல்யாணத்தைக்கூடக் கூச்சத்தோடு எழுதிவிட்டேன். இந்த ஒரு நாளை மட்டும் வாராவாரம் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

அளப்பதற்கு மரம் இல்லை

மாமா நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். வேதக்காரக் குடும்பம். கப்பலேறி இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே மூன்று புயல்களைப் பார்த்துவிட்டவர். கேமரன் மலையில் தேயிலைக் கவாத்து வெட்டும் வேலைக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகும், அந்த மூன்று புயல்களும் அவரோடுதான் குடியிருந்தன.

காற்றை அளக்க அவரிடம் ஓர் அளவு இருந்தது. தென்னை சாய்ந்தால் அது சின்னக் காற்று. தென்னை முறிந்தால் நடுக்காற்று. பனை முறிந்தால்தான் புயல்.

"பனை சாமானியமா முறியாது. அது முறியறப்போ துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம் கேக்கும்," என்பார்.

அவருடைய முதல் புயலில் ஒரு பனைகூட முறியவில்லை. அதனால் அதை அவர் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பார். இரண்டாவது புயலில் கடல் உள்ளே வந்து, மாதா கோயிலுக்குள் பெஞ்சுகள் மிதந்தன. ஆனால் பனை நான்குதான் விழுந்தது. மூன்றாவதில் கரையில் ஒரு பனைக்கும் தலை இல்லை. விடிந்து பார்த்தபோது வரிசையாகத் தூண் நட்டு வைத்ததுபோல் இருந்ததாம்.

அந்த மூன்றாவது புயலில்தான் அவருடைய அண்ணன் இறந்தார். நடுவில் காற்று நின்றது. வானம் வெளுத்தது. காக்காய்கூடக் கத்தியது. படகு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் கரைக்குப் போனார். அரை மணியில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பியது. முதல் காற்றுக்குத் தாக்குப்பிடித்து நின்ற கரையோரச் சுவர் ஒன்று, இரண்டாம் காற்றில் அவர் மேல் விழுந்தது. வீட்டுக்குள் இருந்த ஏழு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு ஓராண்டுக்குள் மாமா கப்பல் ஏறிவிட்டார்.

இங்கே வந்து அவருக்கு ஒரு குறை. இந்த மலையில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. தேயிலைச் செடி இடுப்பு உயரம். எவ்வளவு காற்று அடித்தாலும் அது தலையை ஆட்டிவிட்டு அப்படியே இருக்கும். "இந்த ஊர்ல காத்தை அளக்கறதுக்கு மரமே இல்ல," என்று சலித்துக்கொள்வார்.

இப்போது வானொலியில் புயலுக்கு மணிக்கு இத்தனை மைல் வேகம் என்று சொல்கிறார்கள். அமெரிக்கா பக்கம் வரும் புயல்களுக்குப் பெண் பெயர் வைக்கிறார்களாம். எந்தப் புயல் பெரியது என்று பட்டியல் போட்டு, வேகம் ஒரு பக்கம், சேதம் ஒரு பக்கம் என்று வாசிக்கிறார்கள். சில சமயம் வேகம் அதிகமான புயலில் சேதம் குறைவாக இருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து வேறு வேலை பார்ப்பேன்.

வீட்டோட மாப்பிள்ளை

மாமாவுக்குச் சரிக்குச் சரி வாதாட எங்கள் லயத்தில் ஒருவர்தான் இருந்தார். கடைசி வீட்டுக் கருப்பையா அண்ணன். உரம் போடும் கூட்டத்தில் வேலை. இந்த நாட்டிலேயே பிறந்தவர். பேராக் பக்கம் ஆற்றோரத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் ஒரு பெரிய வெள்ளத்தைப் பார்த்திருந்தார். இரண்டு நாள் கூரை மேல், ஓர் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அவருக்கும் ஓர் அளவு உண்டு. மாட்டுக்கு மேல், ஆளுக்கு மேல், கூரைக்கு மேல். கூரைக்கு மேல் வந்தால்தான் வெள்ளம். மற்றதெல்லாம் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிஞ்சாங் டவுனில் பாய் கடையிலிருந்து யாராவது தமிழ்ப் பத்திரிகை வாங்கி வருவார்கள். சாமான் சுற்றிய தாளாக வருவதும் உண்டு. அதில் ஊரில் எங்காவது புயல் என்று ஒரு செய்தி இருந்துவிட்டால் போதும், அன்று முழுவதும் லயத்தில் வேறு பேச்சு நடக்காது.

"எத்தனை பனைன்னு போடலியே," என்பார் மாமா.

"பனையை எண்ணிக்கிட்டா இருப்பான்? ஆளை எண்ணுவான் லா," என்பார் கருப்பையா அண்ணன். "அண்ணே, உங்க புயலு பொண்ணு பாக்க வர்றவன் மாதிரி. ஒரு நாளு சத்தம் போட்டுட்டு, பலகாரத்தைத் தின்னுட்டுப் போயிருவான். எங்க வெள்ளம் வீட்டோட மாப்பிள்ளை. வந்தா நகராது."

"தண்ணிக்கு என்னய்யா பலம்? பள்ளத்தைப் பாத்து ஓடற சாமான். காத்துதான் மலை ஏறும்."

"ஏறி வரட்டும், பாப்போம்."

பெண்கள் நாங்கள் சிரிப்போம். கருப்பையா அண்ணன் மனைவி பொன்னம்மாக்கா மட்டும், "ரெண்டு பேரும் செத்தவங்களை வெச்சுப் பந்தயம் கட்டறாங்க பாரு," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். கல்யாணமாகி வந்து ஒரு வருடம். ஆண்கள் பேசும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். மாமா நல்லவர்தான். யாரும் என்னைப் பேசாதே என்று சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் என் குரல் வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன்.

வேலிக்குள்

அது வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு அரிசியும் செய்தியும் போகக்கூடாது என்று, அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். எங்கள் பழைய லயம் மேட்டில் இருந்தது. காற்று நன்றாக அடிக்கும். புதிய லயத்துக்கு மலையின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி இடம் எடுத்தார்கள். காவல் பார்க்க அதுதான் வசதி என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய். கால்வாயைத் தாண்டினால் சுவர்போல வெட்டிய சிவப்பு மண். அதற்கு மேலே தேயிலை.

வேலிக்கு ஒரே வாசல். காலையில் வேலைக்குப் போகும்போது கூடையைத் தட்டிப் பார்ப்பார்கள். சோற்றுப் பொட்டலம் வெளியே போகக்கூடாது. மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். பிறகு விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. பிரசவ வலி வந்தால்கூடக் காவலரைக் கூப்பிட்டு, அவர் போன் செய்து, ஆள் வந்து திறக்க வேண்டும்.

அந்தக் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் ஊறும் தண்ணீர் எல்லாம் அதில் வந்து விழும். வெயில் காலத்திலும் வற்றாது. பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது எல்லாம் அதில்தான். புதிதாக வந்தபோது அதன் சத்தத்தில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு அந்தச் சத்தம் இருப்பதே தெரியாமல் போனது.

அந்த நாள்

ஒரு வாரமாக மழை. அன்று காலை கொழுந்து எடுக்கப் போனோம். கூடையில் இலையைவிடத் தண்ணீர்தான் அதிகம். மதியத்துக்குள் கங்காணி எல்லோரையும் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். மழையில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்று, வெறுங்கூடையைத் தட்டிக் காட்டிவிட்டு வேலிக்குள் வந்தோம்.

என் கணவர் மேலே பெக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலைக்கு இருந்தார். மாமாவும் நானும்தான் வீட்டில்.

இரண்டு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. அதுவரை அந்த மலையில் அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. மழை படுக்கையாக வந்து சுவரில் அடித்தது. நான்காம் வீட்டுத் தகரம் ஒன்று பிய்ந்து, தாள் மாதிரி சுழன்று போய் வேலியில் மாட்டிக்கொண்டது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா காதைத் தீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சின்னக் காத்துதான் தாயி. தென்னை சாயற காத்து. பயப்படாத," என்றார்.

ஐந்து மணி வாக்கில் அது நின்றது.

வாசல் காவலுக்கு ஒரு மலாய்க்காரர் இருந்தார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள். சின்ன வயசு. எங்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் வரும். காற்று நின்றதும் அவர் வாசலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, லயத்தைப் பார்த்துக் கத்தினார்.

"எல்லாரும் மேலே போ! பெக்டரி போ! இங்கே நல்லா இல்லே!"

பூட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாருடைய உத்தரவும் இல்லாமல் அவர் அதைச் செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்று தெரியாது. மண் வாசனையாக இருக்கலாம். அவர்கள் கிராமத்தில், கம்போங்கிலும் மலை உண்டு.

பத்து வீட்டில் நான்கு வீட்டுக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வரிசையின் கடைசியில், கருப்பையா அண்ணனுக்குப் பக்கத்து இரண்டு வீடுகளும் அதில் உண்டு. கருப்பையா அண்ணனும் மூன்று வயதுப் பையன் செல்வத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தார்; பொன்னம்மாக்கா மகளோடு பின்னால் வர, வீட்டில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது மாமா அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

அப்போதுதான் மாமா நான் முதலில் சொன்ன மாதிரி நின்றிருந்தார்.

"கருப்பையா, போகாதய்யா. பெக்டரிக்கு அரை மணி ஏத்தம். பாதி வழியில காத்து திரும்பும். கையில புள்ளய வெச்சுக்கிட்டு எங்க ஒதுங்குவ? எங்க அண்ணன் இப்படித்தான்யா போனான்."

"அவன் போகச் சொல்றானேண்ணே."

"அவனுக்குக் கடக்கரைக் காத்தைப் பத்தி என்னய்யா தெரியும்?"

கருப்பையா அண்ணன் வானத்தைப் பார்த்தார். வேலி வாசலைப் பார்த்தார். பையன் தூக்கத்தில் இருந்தான்.

நான் அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்து, வீட்டுக்குள் ஒழுகிய தண்ணீரை ஊற்றப் போனேன். கால்வாய் காய்ந்து கிடந்தது.

மதியம்வரை பழுப்புத் தண்ணீர் கரை புரண்டு ஓடிய கால்வாய். ஒரு வார மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் இல்லை. கூழாங்கற்கள் ஈரத்தில் மினுங்கின. ஒரு தகர டப்பா கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் ஒன்று இருந்தது என்பதே அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. தண்ணீர் எங்கேயோ மேலே நின்றுவிட்டது, மலை அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

நான் முன்பக்கம் வந்து மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"மாமா," என்றேன்.

அவர் திரும்பாமலே, "நீ உள்ள இரு தாயி," என்றார்.

வாசலில் ஆறேழு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

வெளியே கருப்பையா அண்ணன் சிரிப்பது கேட்டது.

"சரிண்ணே. தண்ணின்னா நான் சொல்றதை நீங்க கேக்கணும். காத்து உங்க டிபார்ட்மெண்ட். நீங்க சொன்னா சரிதான்."

இத்தனை வருட வாதத்தில் அவர் மாமாவுக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஒரு முறைதான். பையனைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

பச்சைக் கொழுந்து வாசனை

கொஞ்ச நேரத்தில் பொன்னம்மாக்கா பின்கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள். கூரை ஒழுகி அவள் அடுப்பு அணைந்துவிட்டது. மகள் கமலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தணல் வாங்க ஒரு சட்டியோடு வந்திருந்தாள்.

"உங்க மாமனாரு சொல்ற காத்து எப்பத்தான் வருமாம்? கஞ்சி வெக்கறதுக்குள்ள வருமா?" என்று கேட்டாள்.

நான் சட்டியில் தணலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லாரியில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது நிற்கவில்லை. தரை நகர்ந்தது. விளக்கு சாய்ந்து விழுந்தது. பிறகு பெரிய அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு வாசனை வந்தது. புது மண்ணின் வாசனையும் பச்சைக் கொழுந்தின் வாசனையும் கலந்து வந்தன. பெக்டரிக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. நூற்றுக்கணக்கான செடிகள் வேரோடு கிழிந்ததால் வந்தது. இன்றும் என்னால் பெக்டரிக்குள் போக முடியாது.

வெளியே ஓடினோம். கடைசி மூன்று வீடுகள் இருந்த இடத்தில் மலை நின்றது. அதன் மேல் தேயிலைச் செடிகள் சில, வரிசை கலையாமல், நட்டு வைத்த மாதிரியே நிமிர்ந்து நின்றன.

அந்த மூன்றில் இரண்டு வீடுகள் காலி. ஒன்றில்தான் ஆள்.

பொன்னம்மாக்கா கையில் தணல் சட்டி இருந்தது. யாரோ அதை வாங்கும்வரை அவள் கீழே வைக்கவில்லை.

மாமாதான் முதலில் மண்ணில் ஏறினார். மண்வெட்டி எடுத்து வர ஆட்கள் ஓடும்போது அவர் கையாலேயே தோண்ட ஆரம்பித்திருந்தார். பெக்டரியிலிருந்து என் கணவரும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். ராணுவ லாரி ஒன்று வந்து விளக்கைப் போட்டது. மழை விட்டுவிட்டு வந்தது. எதிர்க்காற்று வரவே இல்லை.

மறுநாள் விடிந்த பிறகுதான் அவர்களை எடுத்தார்கள். பையன் மேல் கவிழ்ந்த மாதிரி கருப்பையா அண்ணன் கிடந்தார்.

விசாரணை

இரண்டு நாள் கழித்துத் தோட்டத் துரையும் ஒரு போலீஸ் அதிகாரியும் வந்தார்கள். லயத்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். காவலர் வாசலைத் திறந்து போகச் சொல்லியிருக்கிறார், பிறகு ஏன் நின்றீர்கள், யாராவது போகக்கூடாது என்று தடுத்தார்களா? இதுதான் கேள்வி. காட்டுக்காரர்களுக்குப் பயந்து நின்றோமா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

பொன்னம்மாக்காவை முன்னால் அழைத்தார்கள்.

"யாரும் தடுக்கல தொரெ," என்றாள். "நாங்களாத்தான் இருந்தோம்."

மாமா எழுந்து நின்றார். பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது.

"நான்தான் தொரெ தடுத்தேன். காத்து திரும்பும்னு சொன்னேன்."

கிராணி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துரையிடம் இங்கிலீஷில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். துரை தலையை ஆட்டினார். அதிகாரி எதையும் எழுதவில்லை. கிராணி என்ன சொன்னார் என்று மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் பத்திரிகையில் செய்தி வந்தது. மலையில் பலத்த காற்று, சில கூரைகள் சேதம், இருவர் மரணம். ஒரு விரல் நீளம்தான். மாமா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எத்தனை மரம் என்று கேட்கவில்லை.

அதைவிடப் பலமான காற்றுகளை நான் பிறகு இதே மலையில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக் கூரை முழுவதும் போனது. இன்னொரு வருடம் கம்போங் ராஜா சாலையில் மரம் விழுந்து இரண்டு நாள் லாரி ஓடவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் அளவில் பார்த்தால் அன்று அடித்தது புயலே அல்ல. தென்னை சாயும் காற்றுதான். அவர் அதைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பிறகு ஒருமுறை ஊரில், அவர் பிறந்த பக்கத்திலேயே, பெரிய புயல் அடித்ததாகச் செய்தி வந்தது. ஆட்கள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார்கள். "உங்க மூணாவது புயலைவிடப் பெருசாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. காத்தைப் பத்தி என்கிட்ட வராதீங்க," என்றார் மாமா.

அவர் என்னிடம் இதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு முறை. கைக்காயத்துக்கு நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த ஊர்க் காத்துக்குக் கண்ணு கிடையாது தாயி. அது எனக்குத் தெரியாமப் போச்சு."

அப்போதாவது நான் கால்வாயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சுமை குறையுமா, கூடுமா என்று எனக்குத் தெரியவில்லை. 'நீ உள்ள இரு தாயி' என்று தான் சொன்னது அவருக்கு நினைவு வந்துவிடுமே என்று பயந்தேன். நான் துணியை முடிச்சுப் போட்டேன். சில வருடங்களில் அவர் படுக்கையில் விழுந்து, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

திரிங்காப்பில்

பொன்னம்மாக்கா இப்போது திரிங்காப்பில், மகள் கமலத்தோடு இருக்கிறாள். மருமகன் காய்கறி லாரி ஓட்டுகிறார். இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்க வேண்டும் என்று போன மாதம் போயிருந்தேன்.

பின்பக்கம் உட்கார்ந்து சந்தைக்குப் போகும் கீரையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பலகையைத் தள்ளினாள். நானும் கட்டினேன். முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் ஒண்ணு பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

சொன்னேன். தண்ணீர் ஊற்றப் போனது, கால்வாய் காய்ந்திருந்தது, தகர டப்பா, மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது, உள்ளே போனது. இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு கட்டுக் கீரை கட்டும் நேரம்கூட ஆகவில்லை.

அவள் கை நிற்கவில்லை.

"நான் அன்னிக்கு உன் வீட்டுக்கு எந்தப் பக்கமா வந்தேன், ரோசு?"

"பின்பக்கமா."

"முன்பக்கம் பூரா ஆம்பளைங்க. பின்னால எப்படி வந்தேன்? கால்வாய்க்குள்ள எறங்கித்தான் நடந்து வந்தேன். புள்ளயும் எறங்கி வந்துச்சு. ரெண்டு பேருக்கும் காலு நனையல."

நான் அவளைப் பார்த்தேன்.

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்," என்றாள். "அந்த ஓடற சத்தத்துல செல்வம் அடிக்கடி முழிச்சுக்குவான். இன்னிக்காவது நல்லாத் தூங்குவான்னு நெனச்சேன்."

உள்ளே கமலத்தின் பிள்ளைகள் ஏதோ விளையாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கீரையின் வேர் மண்ணை உதறினாள்.

"எழுத வேணாம்னா எழுதல அக்கா."

"எழுது. அவரு பேரைப் போடு. உங்க மாமனாரு பேரையும் போடு." அடுத்த கட்டை எடுத்தாள். "நான் கால்வாய்ல நடந்து வந்ததையும் போடு."

"அது எதுக்கு அக்கா?"

"நீ உன்னுதை மட்டும் எழுதி எறக்கி வெச்சுட்டுப் போயிருவ. நான் என்னுதை எங்க கொண்டுபோயி வெக்கறது? எனக்கு எழுதத் தெரியுமா?"

அதனால்தான் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.